பாடியது ஐந்து பெண்கள், அறுவடை யாருக்கு?

அருப்புக்கோட்டை மில்லில் ஷிப்டு முடித்து வருகிற பெண்ணும், திருச்சுழிக் கரிசலில் பகலெல்லாம் பருத்தி எடுத்த பெண்ணும் இரவில் டெலிவிஷன் முன் உட்கார்ந்து பாட்டுப் போட்டி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்! பாட்டு யாருக்குக் கசக்கும்? ஆனால் பாட்டோடு சேர்ந்து ஒரு உபதேசமும் வீட்டுக்குள் நுழைகிறது. "திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம், வராவிட்டால் குறை உன்னிடம்தான்" என்பதே அந்த உபதேசம். இது மெய்யா, பொய்யா? நடந்த கதை ஒன்றை எடுத்துப் பார்ப்போம்.

2002-ம் வருஷம் 'சேனல் வி' என்ற டெலிவிஷன் 'பாப்ஸ்டார்ஸ்' என்று ஒரு போட்டி நடத்தியது. அன்று அந்தச் சேனல், உலகப் பத்திரிகை முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் ஸ்டார் நிறுவனத்தின் கையில் இருந்தது. போட்டியின் பெயருக்கு முன்னாலேயே 'கோக்' என்று கோகோ கோலாவின் முத்திரை. பாட வந்த இளம் பெண்களை வடிகட்டி, கடைசியில் ஐந்து பேரை எடுத்தார்கள். அனுஷ்கா மன்சந்தா, நேகா பாசின், பிரதீச்சி மகாபாத்ரா, சீமா ராம்சந்தானி, மகுவா காமத். இந்த ஐவரையும் சேர்த்து 'விவா' என்ற குழுவாக நிறுத்தினார்கள்.

இது இவர்கள் மூளையில் உதித்த யோசனையா? இல்லை. 1999-ல் நியூசிலாந்தில் இதே பெயரில் போட்டி வைத்து, ஐந்து பெண்களைக் கொண்டு 'ட்ரூபிளிஸ்' என்ற குழுவைச் செய்தார்கள். அந்த அச்சு பிறகு ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் என்று நாடு நாடாக விலை போயிற்று. பிரிட்டனில் 2001-ல் 'ஹியர்சே' குழுவின் முதல் பாட்டு ஒரே வாரத்தில் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. மறு வருஷம் அக்டோபரில் அந்தக் குழுவே இல்லை!

விவாவின் கதையும் அதுதான். முதல் ஆல்பத்துக்குப் பிறகு ஒருவர் விலகினார். மிச்சம் நால்வரும் பாடினார்கள். சில வருஷத்தில் குழு கலைந்தது. அதற்குள் சேனல் சும்மா இருந்ததா? 2003-லேயே அடுத்த போட்டி வைத்து, இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் கொண்ட 'ஆஸ்மா' என்ற குழுவைக் கொண்டு வந்து நிறுத்தியது.

ஏன் இந்த அவசரம்? லாபம் பாட்டில் இல்லை, தேர்வில் இருக்கிறது. வாரா வாரம் ஒருத்தி அழுதுகொண்டே வெளியேற வேண்டும்; அந்தக் கண்ணீரை ஜனங்கள் பார்க்க வேண்டும்; நடுநடுவே விளம்பரம் ஓட வேண்டும். மில் தொழிலாளிக்குப் புரியும்படி சொன்னால், அவர்களுக்கு நூல் அந்தப் போட்டிதான். பாட்டுக் குழு கழிவுப் பஞ்சு.

"பெண்கள் மேடையில் ஆடிப் பாடினால் பண்பாடு என்னாவது?" என்று சில பெரிய மனிதர்கள் கூச்சல் போடுவார்கள். அந்தக் கூச்சலில் நமக்குப் பங்கில்லை. அந்தப் பெண்கள் உழைத்தார்கள். அவர்கள் குரல் நிஜமான குரல். நேகா பாசின் 2007-ல் 'சத்தம் போடாதே' படத்துக்காக யுவன் சங்கர் ராஜா இசையில் தமிழிலேயே பாடினாரே! குழு போயிற்று, குரல் போகவில்லை. திறமையைக் கம்பெனி உண்டாக்கவில்லை. இருந்த திறமையைச் சில காலம் தன் வண்டியில் பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அதே 2002-ல் அதே கோகோ கோலாவின் பெயர் இன்னொரு இடத்திலும் அடிபட்டது. பாலக்காடு ஜில்லா பிளாச்சிமடாவில் 2000-ல் அந்தக் கம்பெனி ஆலை வைத்து நிலத்தடி நீரை உறிஞ்சியது. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. குடத்தோடு வெகுதூரம் அலைந்த ஆதிவாசிப் பெண்கள் ஏப்ரல் மாதம் ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னணியில் நின்றவர் மயிலம்மா. அவர்களுக்கு மார்க் போட நடுவர் இல்லை. டெலிவிஷன் போட்டியில் வாரம் ஒருத்தி வெளியே போனாள். இந்தப் பந்தலிலோ ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. வற்றிய கம்மாயைப் பார்த்தே வளர்ந்த நம் ஜனங்களுக்கு அந்தக் குடத்தின் கனம் தெரியும்.

சுமங்கலித் திட்டத்தையும் நாம் மறக்கவில்லை. "மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம்" என்று ஆசை காட்டித் தமிழ்நாட்டு நூற்பு மில்களுக்குச் சின்னப் பெண்களை அழைத்துப் போனார்கள். நோய் வந்து பாதியில் திரும்பியவள் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினாள்! தாக்குப் பிடித்தவளுக்குப் பரிசு, விழுந்தவள் பாடு அவளோடு. டெலிவிஷன் சொல்லும் உபதேசமும் இதுதானே?

ஆகவே சகோதரிகளே, பாடுங்கள்! போட்டிக்குப் போக விரும்பும் மகளைத் தடுக்காதீர்கள். ஆனால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பணம் போடுகிறவன் யார்? கையெழுத்துக் கேட்கிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? தோற்றுப் போனவர்கள் கதி என்ன? இதற்குப் பதில் தெரிந்து மேடை ஏறுகிறவளை யாரும் எளிதில் ஏய்க்க முடியாது. தோற்று வந்தாலும் "குறை என்னிடம்தான்" என்று மூலையில் உட்காரவும் மாட்டாள்.