நன்றி என்னும் விதைநெல்

உதவி பெற்ற ஒருவர் நன்றி சொல்ல வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில்தான் நாம் அடிக்கடி தவறிவிடுகிறோம். இடம்பெயர்ந்த வாழ்வில் கொடுப்போரின் முன் வரிசையில் நின்று பழகிப்போன உங்களோடு இதைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள், போயா தினமும்கூட. பாடசாலைகள் மார்கழி விடுமுறைக்காக மூடப்பட்டிருந்தன. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் தப்பியவர்கள் உடுத்த உடையோடு உள்ளூர்களை நோக்கி ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முதலில் திறந்தவை பாடசாலைகளும் கோயில்களுமே. வெளிநாட்டு நிறுவனங்களின் வாகனங்கள் பின்னரே வந்தன.

நான் அப்போது குருமட மாணவன். வன்னியின் உட்பகுதிப் பாடசாலை ஒன்றில் சில வாரங்கள் பணி செய்தேன். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த ஆசிரியர்கள் சைக்கிளில் திரும்பி வந்தார்கள். அதிபர் வகுப்பறைகளின் பூட்டுகளைத் திறந்துவிட்டார். உயர்தர வகுப்பு மாணவர்கள் கொப்பிகளில் குடும்ப விபரங்களைப் பதிந்தார்கள். யார் யாரைத் தேடுகிறார்கள் என்ற பட்டியலே அதில் நீண்டது. பெற்றோர் அரிசியும் தேங்காயும் விறகும் கொண்டு வந்தார்கள். கோயில் கிடாரத்தில் சோறு வெந்தது.

அந்தப் பெற்றோரில் பலர் தாமே இடம்பெயர்ந்தவர்கள். 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மழையில் நடந்து, தென்மராட்சியில் பாடசாலை வாங்குகளை ஒதுக்கி உறங்கி, பின்னர் வன்னிக்கு வந்து காடு வெட்டிப் பயிர் செய்தவர்கள். அவர்களில் ஒரு தாய், "எங்களுக்கும் ஒருநாள் ஆரோ பள்ளிக்கூடக் கதவைத் திறந்து விட்டவை, பிரதர். அவையின்ரை பேர்கூடத் தெரியாது. அவைக்குச் செய்ய ஏலாது. இவைக்குச் செய்யிறம்" என்றார்.

நன்றியைப் பற்றி நான் குருமடத்தில் கற்றவற்றைவிட இந்த நான்கு வார்த்தை எனக்கு அதிகம் கற்பித்தது. விவசாயிக்கு இது புதிதல்ல. விளைந்த நெல் முழுவதையும் அவன் உண்பதில்லை. ஒரு பங்கை விதைக்கென்று எடுத்து வைக்கிறான். வந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டிய கடனல்ல நன்றி. அடுத்த வயலில் விழ வேண்டிய விதைநெல் அது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. விடுமுறை முடிந்து தவணை தொடங்கும் நாள் நெருங்கியது. வகுப்பறைகளில் குடும்பங்கள் இருந்தன. "எங்கட பிள்ளையளின்ரை படிப்பு என்னாகிறது?" என்ற முணுமுணுப்பு எழுந்தது. அரிசி கொண்டு வந்த அதே வாய்கள்தான் முணுமுணுத்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றே எஞ்சிய முதுசொம். கடற்கரையிலும் உள்ளூரிலும் தலைமுறைகளாக இருந்து வந்த பழைய இடைவெளிகளும் மெல்லத் தலைகாட்டின.

அந்த வேளையில் முகாமில் இருந்த கடற்றொழிலாளர் சிலர் அதிபரிடம் போனார்கள். தடியும் கிடுகும் தந்தால் வளவின் ஓரத்தில் தாங்களே கொட்டகை போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். கிராமத்து விவசாயிகள் காட்டுத்தடி வெட்டி உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தார்கள். இரு பகுதியினரும் சேர்ந்து வேலை செய்தார்கள். பெண்கள் வகுப்பறைகளைக் கழுவினார்கள். கிணறு இறைக்கப்பட்டது. உடைந்த வாங்குகளுக்கு ஆணி அடிக்கப்பட்டது. தவணை தொடங்கியபோது இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். அங்கே நன்றியுரை எதுவும் நிகழவில்லை. ஆனால் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

இதற்கு மாறான காட்சிகளையும் கண்டிருக்கிறேன். ஒரு பொதி கொப்பிக்காகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் புகைப்படம் எடுப்பார்கள். தாயை இழந்த சிறுமியை மேடையேற்றி நன்றி சொல்ல வைப்பார்கள். அணிய முடியாத பழந்துணிகளைக் குவித்துவிட்டுப் பதிலுக்குப் புன்னகையை எதிர்பார்ப்பார்கள். இப்படிக் கேட்டு வாங்கும் நன்றி, பெற்றவரின் முதுகை வளைக்கிறது. வளைந்த முதுகு மீண்டும் நிமிர நெடுங்காலம் செல்லும்.

2025 கார்த்திகை இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தையும் மலையகத்தில் மண்சரிவையும் கொண்டு வந்தபோதும் மக்கள் தஞ்சமடைந்த இடங்களில் பாடசாலைகள் இருந்தன. இனியும் அப்படித்தான் நேரும். ஆகவே சிலவற்றை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. விடுமுறையில் பாடசாலைச் சாவி யாரிடம் இருக்கும், கிடாரமும் தண்ணீர்த் தாங்கியும் எங்கிருந்து வரும், எந்த ஆசிரியர் பதிவேட்டுக்குப் பொறுப்பு என்பவற்றைப் பெற்றோரும் அதிபரும் ஆண்டு முடியுமுன் பேசி வைக்கலாம். தங்க வருவோர், முதல் நாளிலிருந்தே சமையல், துப்புரவு, மலசலகூடப் பராமரிப்பு ஆகியவற்றில் பங்கேற்க வேண்டும். தவணை தொடங்குமுன் வகுப்பறையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க இரு பகுதியினரும் சேர்ந்து வழி தேட வேண்டும்.

உங்களில் சிலர் இன்னும் சொந்தக் காணியை மிதிக்காதவர்கள். "எங்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கக்கூடும். தடி வெட்டத் தெரிந்த கை இருக்கிறது. கிணறு இறைக்கத் தெரிந்த தோள் இருக்கிறது. அந்நியனாய் ஒரு வகுப்பறையில் முதல் இரவைக் கழிப்பது எப்படியிருக்கும் என்ற அறிவு இருக்கிறது. அந்த அறிவு எந்த நிறுவனத்திடமும் இல்லை. அடுத்த முறை கதவு தட்டப்படும்போது, முதலில் எழுந்து திறப்பவர் நீங்களாக இருங்கள்.