வெளிச்சம் போட்டவர் மட்டும் ஏன் இருட்டில்?

"நல்ல லைட்டிங் என்றால் அது கண்ணுக்கே தெரியக்கூடாது."

நாடகம், ஓபரா, பாலே என்று எந்த மேடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் இந்த வசனம் எங்கிருந்தாவது வந்து விழும். கேட்பதற்குப் பெரிய தத்துவம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கலைஞரின் பெயரையும் சம்பளத்தையும் சேர்த்து அமுக்குவதற்கு இதைவிட வசதியான தத்துவம் கிடைக்காது.

ஆதாரம் வேண்டுமா? நியூயார்க்கின் பிராட்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டோனி விருதுகள் தொடங்கியது 1947-ல். நடிகர்களுக்கு உண்டு, இயக்குநருக்கு உண்டு, உடை வடிவமைத்தவருக்கு உண்டு, அரங்கம் அமைத்தவருக்கும் உண்டு. ஒளியமைப்புக்கு? 1970-ல்தான் வந்தது. முழுசாக 23 வருடம் கழித்து!

அந்த 23 வருடமும் மேடை இருட்டாகவா கிடந்தது? ஜீன் ரோசன்தால் என்று ஒரு பெண்மணி இருந்தார். மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்கும் நியூயார்க் சிட்டி பாலேவுக்கும் ஒளியமைத்தவர். 1957-ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1959-ல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்', 1964-ல் 'ஹலோ, டாலி!', அதே வருடம் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' எல்லாம் அவர் கைவண்ணம். இதில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' நடன அமைப்புக்கும் அரங்க அமைப்புக்கும் டோனி வாங்கியது. அந்த நடனமும் அந்த அரங்கமும் எந்த வெளிச்சத்தில் தெரிந்தனவோ, அதற்குப் பரிசு கொடுக்க ஒரு பிரிவே இல்லை. ரோசன்தால் 1969-ல் இறந்துபோனார். ஒளியமைப்புக்கான விருது அடுத்த வருடம் வந்தது.

ஓபரா பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1883-ல் திறக்கப்பட்டது. அதன் முதல் நிரந்தர லைட்டிங் டிசைனராக கில் வெக்ஸ்லர் வந்து சேர்ந்தது 1977-ல். கணக்குப் போட்டால் 94 வருடம்.

"லைட் போடுவது எலக்ட்ரீஷியன் வேலைதானே, அதற்கு எதற்கு டிசைனர்?" என்பது அடுத்த கேள்வி. எலக்ட்ரீஷியன் வேலை கேவலமானதல்ல. விளக்கைத் தொங்கவிட்டு, வயர் இழுத்து, யாருக்கும் ஷாக் அடிக்காமல் பார்த்துக்கொள்வது அவருடைய திறமை. எந்த விளக்கு, எந்தக் கோணத்தில், எந்த நிறத்தில், எந்த நொடியில், எத்தனை நொடியில் ஏற வேண்டும் என்று முடிவெடுப்பது வேறு திறமை.

பாலேயைப் பாருங்கள். முன்னாலிருந்து மட்டும் வெளிச்சம் அடித்தால் ஆடுகிறவரின் உடம்பு தட்டையாகிவிடும், காலண்டர் படம் மாதிரி. அதனால்தான் மேடையின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, முழங்காலுக்குக் கீழே இருந்து தலைக்கு மேல் வரை விளக்குகளை அடுக்குகிறார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் கையும் காலும் முதுகும் திரட்சியாகத் தெரியும். கீழே இருக்கும் விளக்கு தரையில் படாமல் உடம்பில் மட்டும் பட்டால், ஆடுகிறவர் காற்றில் நிற்பது போல இருக்கும். பார்க்கிறவர் "என்ன லாவகம்!" என்பார். அந்த லாவகத்தில் பாதி யாருடையது?

நேரக் கொடுமை தனிக்கதை. உடையை வீட்டில் தைக்கலாம், வசனத்தை வேறு ஹாலில் ஒத்திகை பார்க்கலாம். ஒளியை மட்டும் அந்த மேடையில், அந்த அரங்கத்தோடுதான் அமைக்க முடியும். செட் வேலை இரண்டு நாள் தாமதமானால், அந்த இரண்டு நாளும் லைட்டிங்குக்கு ஒதுக்கிய நேரத்திலிருந்துதான் போகும். திரை ஏறும் தேதி மட்டும் மாறாது.

"இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறதே?" என்பார்கள் சிலர். 1975-ல் 'எ கோரஸ் லைன்' இசை நாடகத்துக்காக தாரன் மஸ்ஸர் பிராட்வேக்கு முதன்முதலாக நினைவகம் உள்ள கம்ப்யூட்டர் போர்டைக் கொண்டுவந்தார். அதுவரை ஆட்கள் கைப்பிடிகளைத் தள்ளித்தான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். கம்ப்யூட்டர் செய்தது ஒன்றுதான்: மஸ்ஸர் எடுத்த முடிவுகளை மறக்காமல் ஞாபகம் வைத்துக்கொண்டது. டாலி சாஃப்ட்வேர் வந்துவிட்டது என்று எந்தக் கம்பெனியாவது ஆடிட்டரை வீட்டுக்கு அனுப்பியதா?

இனி காசு விஷயம். அந்த 'எ கோரஸ் லைன்' பிராட்வேயில் 1990 வரை 6,137 காட்சிகள் ஓடியது. ஒருமுறை அமைத்த ஒளி 6,137 காட்சிகளிலும் வேலை செய்தது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வருமானம் தருகிற ஒன்றைச் சொத்து என்பார்கள், ஒருநாள் கூலி என்று சொல்லமாட்டார்கள். இன்று பிராட்வேயில் யூனியன் ஒப்பந்தப்படி, டிசைன் கட்டணம் போக, நாடகம் ஓடும் ஒவ்வொரு வாரத்துக்கும் டிசைனருக்குத் தனித்தொகை உண்டு. யாரும் பெருந்தன்மையாகக் கொடுத்ததல்ல, கேட்டு வாங்கியது. இதைத் தாண்டி வெளியே வந்தால் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். வயிறு நிரம்ப வேண்டுமானால் ஒரே சமயத்தில் நாலு ஊரில் நாலு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மேடை மூடினால் அதுவும் இல்லை. 2020 மார்ச் 12-ல் பிராட்வே மூடியது. பெரிய இசை நாடகங்கள் திரும்பி வர 2021 செப்டம்பர் ஆனது. புது நிகழ்ச்சிக்குத்தான் காசு என்று வாழ்கிறவர் அந்த ஒன்றரை வருடம் எதைச் சாப்பிட்டிருப்பார்?

"வெளிச்சம் துருத்திக்கொண்டு தெரிந்தால் நாடகம் கெட்டுப்போகாதா?" கெட்டுப்போகும், உண்மைதான். ஆனால் எல்லா நேரமும் ஒளி ஒளிந்துகொள்ள வேண்டும் என்பது பொய். 1959-ல் கொல்கத்தாவில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து ஏறுவதை வெறும் வெளிச்சத்தால் காட்டினார் தபஸ் சென். அங்கே ஒளிதான் காட்சியே.

ஒளி அடங்கி இருக்க வேண்டுமா, பொங்கி எழ வேண்டுமா என்பதை அந்தந்த நாடகம் முடிவு செய்யட்டும். ஆனால் வேலை கண்ணை உறுத்தக்கூடாது என்பதற்கும், வேலை செய்தவரே கண்ணில் படக்கூடாது என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது ரசனை. இரண்டாவது சுரண்டல். ரசனையைக் காட்டிச் சுரண்டலை நியாயப்படுத்துவதுதான் இங்கே நடக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களிடம் "ஆர்வம் இருந்தால் போதும்" என்று சொல்லி அனுப்புவது பாவம். ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். மறுபடி மேடையேற்றினால் எவ்வளவு என்று கேட்கத் தெரிய வேண்டும். போஸ்டரில் பெயர் எங்கே என்று கேட்கத் தெரிய வேண்டும்.

பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஒரு நிகழ்ச்சியைப் பாராட்டி நாலு வரி எழுதும்போது, நடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒளியமைத்தவர் பெயரையும் தேடிப்பிடித்து எழுதுங்கள். அவர் இல்லாவிட்டால் நடித்தவர் முகமே தெரிந்திருக்காது.