எர்த் போடாமல் ஏறாதே, தோழா!

கம்பத்தில் ஏறும் தோழர்களே! ஒயர்மேன், ஹெல்பர், கேங்மேன், ஒப்பந்தத் தோழர்களே!

வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிட்டது. இனி டிசம்பர் முடிய நமக்குத் தூக்கமில்லை. ஒரு புளியமரம் சாய்ந்தால் போதும், செக்‌ஷன் ஆபீஸ் போன் ஓயாது. "கரண்ட் எப்போ வரும்?" என்று ஊர் கேட்கும். "சீக்கிரம் முடி" என்று மேலே இருப்பவர் விரட்டுவார். அந்த அவசரத்தில்தான் நம் ஆட்கள் கம்பத்திலேயே கருகுகிறார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மாவட்டம் மாவட்டமாகக் கிளம்பிப் போனோம். சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டோம். வெளிச்சம் கொடுக்க நாம் தயங்கியதே இல்லை. அதற்கு உயிரை விலையாகக் கேட்டால் தர மாட்டோம்!

"எல்.சி. வாங்கியாச்சு", அதாவது லைனை நிறுத்தி வேலைக்கு லைன் கிளியர் வாங்கியாச்சு என்று போனில் ஒரு குரல் கேட்டதும் ஏறிவிடுகிறோமே, அங்கேதான் எமன் நிற்கிறான். துணை மின்நிலையத்தில் ஃபீடரை நிறுத்தியிருப்பார்கள். கடைத்தெருவில் ஒருவர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் கடையின் 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் புகுந்து, செத்துக் கிடந்த 11 கே.வி. லைனுக்கு உயிர் கொடுத்துவிடும். ஒரே கம்பத்தில் இரண்டு ஃபீடர் போகும் இடத்தில், நிறுத்தியது ஒன்று, கை வைத்தது இன்னொன்று என்றாகிவிடும்.

ஒரு 60 வாட் பல்பு எரிய ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் பாய்ந்தாலே, பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகிப்போகும். நனைந்த தோல் அதற்குக் கதவைத் திறந்துவிடும்.

ஆகவே இந்த மழைக்கு நமக்கு ஒரே சட்டம்: சோதிக்காத கம்பி உயிருள்ள கம்பி!

எல்.சி.யை நேரத்தோடு எழுதி வாங்குங்கள். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்த பிறகு மூன்று பிளேடும் விலகியதா என்று கண்ணால் பாருங்கள். துருவேறிய பிளேடு ஒன்று ஒட்டிக்கொண்டே நிற்கும். டெஸ்டர் வைத்துப் பாருங்கள். வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் ராடு மாட்டுங்கள். கையுறையில் காற்றை அடைத்து அழுத்துங்கள்; காற்று கசிந்தால் அது உதவாது. இடி இடிக்கும்போது கம்பத்தில் கால் வைக்காதீர்கள். கீழே துணை இல்லாமல் ஏறாதீர்கள். எல்லோரும் இறங்கி, தலை எண்ணிய பிறகே எல்.சி.யைத் திருப்பிக் கொடுங்கள்.

போகிற தெருவெல்லாம் மக்களிடம் பேசுங்கள். அறுந்து விழுந்த கம்பியைச் சுற்றி ஈரத் தரையிலும் மின்சாரம் பாயும். கிட்டே போகாமல் 94987 94987 என்ற மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண்ணுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்டே கம்பியில் மாடு கட்டுகிறவரையும், இரும்புக் கம்பிக் கொடியில் ஈரத்துணி போடுகிற அக்காவையும் நின்று எச்சரியுங்கள். ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைக்காரரிடம் நம் உயிர் அவர் சுவிட்சில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கடைசியாக, நிரந்தரத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கையுறை இல்லாமல் ஏறச் சொன்னால் நீங்கள் மறுத்துவிடலாம். ஒப்பந்தத் தோழன் மறுத்தால் நாளைக்கு அவனுக்கு வேலை இருக்காது. தினக்கூலிக்காக அவன் வாய்மூடி ஏறுகிறான். அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் போய் நில்லுங்கள். "எர்த் போடாமல் அவன் ஏற மாட்டான், அவனுக்குப் பதிலாக நாங்களும் ஏற மாட்டோம்" என்று ஒரே குரலில் சொல்லுங்கள்.

நாளைக் காலை வேலை பிரிக்கும் முன் ஒவ்வொரு செக்‌ஷனிலும் கூடுவோம். கையுறை எத்தனை, எர்த் ராடு எத்தனை, பெல்ட் கயிறு எத்தனை என்று எண்ணுவோம். குறைந்தால் எழுதிக் கேட்போம். வரும்வரை கம்பம் காத்திருக்கட்டும்!

போனவர் அத்தனை பேரும் வீடு திரும்ப வேண்டும், தோழர்களே!