கண்புரை கரையாது

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையச் சுவரில் அந்த நோட்டீஸ் பல வருடங்களாக ஒட்டப்படுகிறது. மழையில் கிழிந்தால் கொஞ்ச நாளில் புதிது வந்துவிடும். கத்தி வேண்டாம், லென்ஸ் வேண்டாம், சொட்டு மருந்திலேயே கண்புரை கரைந்துவிடும் என்கிறது. இப்போது அதே சரக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாகச் சுற்றுகிறது. கண்ணில் படிந்த அழுக்குதான் புரையாம், கழுவி எடுத்தால் போதுமாம். படித்தவர்களே இதை எனக்கு அனுப்புகிறார்கள். கண்புரையைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆனாலும் கைப்பேசி எண்ணோடு தைரியமாக ஒட்டுகிறார்கள்.

முதலில், புரை கண்ணின் மேல் படிவதில்லை. கண் பாப்பாவுக்குப் பின்னால் ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கும் லென்ஸே கலங்கிப்போவதுதான் புரை. வெள்ளை விழியிலிருந்து சதை வளர்ந்து கருவிழியில் ஏறுவது வேறு நோய். கண்ணில் விட்ட சொட்டில் பெரும்பகுதி கன்னத்தில் வழிந்துவிடும், இல்லையென்றால் கண்ணீர்க்குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கிவிடும். சிறிது நேரத்தில் தொண்டை கசப்பது அதனால்தான். கண்ணுக்குள் போவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வைத்து எதைக் கழுவப் போகிறார்கள்?

சரி, மருந்து முழுவதும் உள்ளே போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே கரைப்பதற்கு என்ன இருக்கிறது என்பதை இவர்களில் ஒருவரும் சொல்வதில்லை. லென்ஸின் முன்பக்கம் ஒரே அடுக்காக மேற்படல செல்கள் இருக்கின்றன. விளிம்போரத்தில் இருப்பவை பிரிந்து, நீண்டு, நார் செல்களாக மாறுகின்றன. மாறும்போது உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் தாங்களே அழித்துக்கொள்கின்றன. வழியில் எதுவும் குறுக்கிடாமல் ஒளி போவதற்காக உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது. லென்ஸுக்கு ரத்தக் குழாயும் கிடையாது. உட்கரு போய்விட்டால் புதுப் புரதம் செய்யவோ கெட்டதை மாற்றவோ அந்தச் செல்லால் முடியாது. தோல் செல்லைப் போல உதிரவும் வழியில்லை. புதிய நார்கள் மேலே மேலே சுற்றிக்கொள்ள, பழையவை நடுவில் அடைபட்டுப்போகின்றன. எழுபது வயதுப் பாட்டியின் லென்ஸ் நடுவில் இருக்கும் கிரிஸ்டலின் புரதம், அவர் தாய் வயிற்றில் இருந்தபோது உண்டானது.

அத்தனை வருட வெயில், புகை, சர்க்கரை எல்லாம் அந்தப் புரதத்தின் மேல்தான் விழுகின்றன. அதைத் திரளவிடாமல் காப்பது ஆல்ஃபா கிரிஸ்டலின் என்று 1992இல் ஆய்வாளர் ஜோசப் ஹோர்விட்ஸ் காட்டினார். லென்ஸின் நடுவில் கரைந்த நிலையில் இருக்கும் ஆல்ஃபா கிரிஸ்டலின், நடுவயதிலேயே ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குளூட்டாதயோன் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வதும் வயதாக ஆகக் குறைகிறது. பிறகு புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, திரண்டு, பழுத்த நிறமாகி, வரும் ஒளியைச் சிதறடிக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்குச் செல்லுக்குள் சார்பிட்டால் சேர்ந்து, அது நீரை இழுத்து நார்கள் வீங்குவதும் உண்டு. ஆக, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பொருள் எதுவும் அங்கே இல்லை. லென்ஸின் சொந்தச் செல்களே இந்த நிலைக்கு வந்திருக்கின்றன. திரிந்த பாலில் எதை ஊற்றினால் அது மறுபடி பாலாகும்?

2015இல் லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் புரையைக் குறைத்தது என்று 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதைத்தான் இன்றும் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆபரேஷனில் எடுத்த மனித லென்ஸின் நடுப்பகுதிகளை அதே லானோஸ்டெராலில் நாட்கணக்கில் ஊறவைத்துப் பார்த்தும் தெளியவில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கேரட்டும் பொன்னாங்கண்ணியும் புரையைக் கரைக்காது; அவை நல்ல உணவு, அவ்வளவுதான்.

'சொட்டு விட்டபிறகு எங்க அப்பா கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்' என்று சாட்சி சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேதனை. நடு நார்கள் இறுகும்போது லென்ஸின் ஒளி வளைக்கும் திறன் கூடும். கிட்டத்தில் இருப்பது தெளியும், தூரத்தில் இருப்பது மங்கும். புரை முற்றுவதன் அடையாளமே அது. என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. "கண்ணாடியே வேண்டாம்டா, பஞ்சாங்கம் நல்லாத் தெரியுது" என்று சொல்லிச் சொல்லிச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு ராத்திரி கண் சிவந்து, தலை பிளக்கிற வலியோடு வாந்தி. முற்றி வீங்கிய லென்ஸ், கண்ணுக்குள் நீர் வடியும் வழியை அடைத்துவிட்டது. அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு போய்விட்டது. லென்ஸை எடுத்தும் அந்தக் கண் திரும்பவில்லை. கத்தி வேண்டாம் என்று சொன்னவர் இதற்குப் பொறுப்பேற்பாரா?

நம் முன்னோர் கத்தியில்லாமல் குணப்படுத்தினார்கள் என்பதும் தவறு. சுஸ்ருதர் சொன்னது கூரிய சலாகையால் புரையை விலக்கும் முறை. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் நடந்த கண்புரை அறுவைகள், நோயாளியின் கண் படத்தோடு ஏட்டில் பதிவாகியிருக்கின்றன. அவர்கள் கருவியைக் கையில் எடுத்தவர்கள்.

கடைசியாக, 'ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வருதே' என்கிறார்கள். திரும்ப வருவது புரை அல்ல. உள்ளே வைப்பது அக்ரிலிக் போன்ற செயற்கைப் பொருளாலான லென்ஸ். அதில் செல்லே கிடையாது, புரை விழ வழியில்லை. பழைய உறையில் ஒட்டிக்கொண்டு தப்பிய மேற்படல செல்கள் சில பெருகி, பின் உறையில் படர்ந்து மங்கலாக்கும். சிலருக்குத்தான் அப்படி வரும். யாக் லேசரால் அந்த உறையில் ஒரு சிறு திறப்பு போட்டுவிட்டால் போதும். தையல் இல்லை, படுக்கை இல்லை, சில நிமிட வேலை. அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.