லயத்துக் கதவை யார் தட்டுவது?

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பதினொரு மணி நெருங்கும்போது, மூணாறு மலையில் பெட்டிமுடியில் மண் சரிந்து நான்கு லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தமிழர்கள், கயத்தாறு பக்கத்துச் சொந்தங்கள். மின்சாரம் இல்லாததால் கைப்பேசிக் கோபுரம் செத்துக் கிடந்தது. சேதி வெளியே வருவதற்குள் விடிந்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பகுதியில் ஒரே நாளில் பெய்த மழை 600 மில்லிமீட்டருக்கு மேல் என்று பின்னால் அறிக்கைகள் சொல்லின. மழையை அளப்பது தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதல்ல. கொழுந்துக் கணக்கோடு மழைக் கணக்கும் எழுதிவைக்கும் தொழில் அது. அந்த எண் ஏறிக்கொண்டே போன இரவில், லயத்துக் கதவைத் தட்டி "எழுந்திருங்கள், கிளம்புங்கள்" என்று சொல்லும் பொறுப்பு எவரிடமும் இருக்கவில்லை.

அதற்கு ஆறு வருஷம் முன்னால், 2014 அக்டோபர் 29 காலையில், இலங்கையின் பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியேற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்பிலேயே தங்கிவிட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவே வைத்துப் பார்க்க வேண்டிய ஊர் வயநாட்டின் முண்டக்கை. கல்பற்றாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம், வயநாடு முழுக்க விவசாயிகளையும் தோட்டத்துக்காரர்களையும் தன்னார்வலர்களாகச் சேர்த்து, சுமார் 200 இடங்களில் தினமும் மழையை அளந்து வாங்குகிறது. 2020-ல் அந்தக் கணக்கை வைத்து எச்சரித்தார்கள், முண்டக்கை மக்களை வெளியேற்றினார்கள், மலை சரிந்தது, ஆட்கள் தப்பினார்கள். 2024 ஜூலை 29-லும் அதே மையம் எச்சரித்தது. சிலர் கிளம்பினார்கள். பலர் கிளம்பவில்லை, கிளம்பியவர்களிலும் சிலர் போய்ச் சேர்ந்த இடம் பாதுகாப்பானதாக இல்லை. 30-ஆம் தேதி அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் 250-க்கும் மேற்பட்டவர்களோடு போயின. ஊரும் அதே, அளந்தவர்களும் அவர்களே. எண்ணைக் கேட்டு ஊரையே நகர்த்தும் ஏற்பாடு முதல்முறை இருந்தது, இரண்டாம்முறை இல்லை. இதைவிடத் தெளிவான பாடம் நமக்கு வேறு வேண்டுமா?

மழைமானி என்றதும் பெரிய கருவி என்று மலைக்க வேண்டாம். அடி முதல் தோள்வரை ஒரே அகலமான கண்ணாடிக்குடுவை அல்லது பிளாஸ்டிக் போத்தல், அதன் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்தது, பக்கத்தில் ஒட்டிய ஓர் அளவுகோல், கூரையும் மரமும் மறைக்காத இடம். காலையில் ஒரு தடவையும், மழை விடாத நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையும் டார்ச் அடித்துக் கோட்டைப் பார்த்து, நோட்டில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பதும் எழுதப்பட்டே இருக்கிறது. இலங்கை மலையகத்தில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழித்திரு, 100 என்றால் மூட்டை கட்டு, 150-ஐத் தாண்டினால் வெளியேறு. இந்த அளவு மலைக்கு மலை மாறும். நீலகிரிக்கும் வால்பாறைக்கும் அவரவர் மண்ணைப் பார்த்து நிபுணர்கள் தனியாக வகுத்துக் கொடுக்க வேண்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததைக் கண்ட மாவட்டம் நீலகிரி. 2009 நவம்பரில் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்களை இழந்த மாவட்டமும் அதுவே.

எண்ணோடு கண்ணும் வேண்டும். லயத்து மூதாட்டிகளைக் கேளுங்கள், சொல்வார்கள்: கதவு திடீரென்று நிலையில் இறுகும், சுவரில் புது விரிசல் ஓடும், தேயிலைச் செடி வரிசை ஓரிடத்தில் கோணும், ஓடைத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கும். எல்லாவற்றிலும் கொடியது, கொட்டுகிற மழையில் ஓடை வற்றுவது. மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டு நீர் சேர்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்போது அளவுகோலைப் பார்க்கவும் நேரமில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மலைகள் அடிவாங்கின. எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தி வந்தன என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. மண்சரிவுச் சிவப்பு அறிவிப்பில் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் இருக்கும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம் என்று இருக்காது. ஓடைக்கு மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் ஒரே செய்தி. இந்த இடைவெளியை அங்கேயே குடியிருக்கும் மனிதர்தான் நிரப்ப முடியும்.

ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுத் தப்பு என்னும் பறையை அடித்து லயம் லயமாக ஆட்களை எழுப்பி வேலைக்கு இறக்கியது தோட்டம். வேலைக்கு எழுப்பத் தெரிந்த நிர்வாகங்களுக்கு உயிர் காக்க எழுப்பத் தெரியாதா? டிவிஷனுக்கு ஒரு மழைமானி, பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி, அல்லது அந்தத் தப்பே போதும். அதை அடிப்பவர் துரையின் உத்தரவுக்கோ கலெக்டர் அலுவலகத் தொலைபேசிக்கோ காத்திருக்கக் கூடாது. எண் கோட்டைத் தொட்டால் அடிக்கும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். 1970 புயலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த வங்கதேசக் கரையில் இன்று 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மெகாபோனோடும் கொடியோடும் வீடுவீடாகப் போகிறார்கள், பாதிப்பேர் பெண்கள். கொழுந்து பறிக்கும் கைகளில் முக்கால்வாசி பெண்களுடையதாக இருக்கும் மலைகளில் இந்தப் பொறுப்பு பெண்களிடம் போவதுதான் இயல்பு.

ஆனால் தப்பு அடித்தாலும் சனம் நகராததற்கு ஒரு காரணம் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ இரவெல்லாம் குந்தியிருந்துவிட்டு மறுநாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய வருகைப் பதிவில் பேர் விழாது, கூலி போய்விடும். மலை சரியாத இரவுகள் நாலு கழிந்தால் ஐந்தாவது இரவு எவரும் எழ மாட்டார்கள். ஆகவே வரும் மழைக்கு முன் தொழிலாளர் துறைகளும் தோட்ட நிர்வாகங்களும் ஒன்றை அறிவிக்க வேண்டும்: எச்சரிக்கை கேட்டு வெளியேறிய நாளுக்கு முழுப் பேர், முழுக் கூலி, மலை சரிந்தாலும் சரியாவிட்டாலும்.