எழுதிக் கொடுத்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மாலை. கீழ் வீட்டுப் பையன் நோட்டும் கையுமாக வந்து நின்றான். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் படிக்கிறான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், டியூஷனுக்கெல்லாம் வசதியில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அண்ணிதான் அவனுக்குக் கதி.

"அக்கா, ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கிற பைதான் புரோகிராம். நாளைக்குக் காட்டணும். எழுதிக் கொடுத்துடுங்களேன்!"

அண்ணிக்கு அது இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அவள் பேனாவைத் தொடவில்லை.

"97 பகா எண்ணா? காகிதத்தில் எப்படிப் பார்ப்பாய்?"

"2, 3 என்று வகுத்துக்கொண்டே போவேன்."

"எதுவரைக்கும்?"

"96 வரைக்கும்."

"அவ்வளவு தூரம் போகணுமா? பத்துப் பத்து எவ்வளவு?"

பையன் மோட்டுவளையைப் பார்த்தான். திடீரென்று முகம் மலர்ந்தது. "நூறு! இரண்டு எண்ணைப் பெருக்கி 97 வரணும்னா, ஒன்றாவது பத்துக்குள்ளேதான் இருக்கணும். 9 வரைக்கும் போதும் அக்கா!"

பிறகு அவனே எழுதினான். கம்ப்யூட்டர் தவறு என்றது. "முதல் வரியின் கடைசியைப் பார்" என்றாள் அண்ணி. முக்காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"பாவம், எழுதிக் கொடுத்தால்தான் என்ன?" என்றேன் நான்.

"எழுதித் தர 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி இருக்கிறதே! செய்முறைத் தேர்வில் கூட நான் வருவேனா, அது வருமா?"

அப்படியானால் விரட்டிவிடலாமா? அதுவும் பாவம்தான். டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளை வேறு யாரிடம் போவான்? ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜார்ஜ் போல்யா, கணக்குப் போடும் முறை பற்றி 1945-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் சொல்கிறார்: உதவி அதிகமாகவும் இருக்கக் கூடாது, குறைவாகவும் இருக்கக் கூடாது, மாணவன் பங்குக்கு நியாயமான வேலை மிஞ்ச வேண்டும்.

நான் இன்னும் சமாதானமாகவில்லை என்பதை அண்ணி கண்டுகொண்டாள்.

"பள்ளிக்கூடத்தில் உன் ரிகார்டு நோட்டுக்குப் படம் வரைந்தது யார்?"

"அண்ணாதான்."

"எங்கே, இப்போது ஒரு செம்பருத்திப் பூ வரை, பார்க்கலாம்!"

வரைந்தேன். அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, "குடை நன்றாயிருக்கிறதே!" என்றான்.

குழந்தையின் நோட்டை உங்கள் பக்கம் இழுக்கும்போது, சகோதரிகளே, என் செம்பருத்தியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!