இரண்டு அயலட்டைகளுக்கு நடுவே



மீள்குடியேறிய ஒரு கிராமத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் எனக்கு வந்து சேர்ந்தது. அவருடைய வீட்டுக்கு ஒரு பக்கம் தமிழர், மறுபக்கம் முஸ்லிம்கள், வயலுக்கு அப்பால் சிங்களக் குடும்பங்கள். "கண்டால் சிரிப்போம். அதற்கு மேல் கதைப்பதில்லை. ஏதும் நடந்தால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. நீங்கள் இருக்கும் நியூயோர்க்கில் எல்லா இனமும் இருக்கிறதாமே, அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

இதற்கு நான் இரண்டு பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் இரண்டு அயலட்டைகளில் வாழ்கிறேன். சனியும் ஞாயிறும் குயின்ஸ் பகுதியில் உள்ள ஜக்சன் ஹைட்ஸில், அக்கா வீட்டில் இருப்பேன். திங்கள் காலை முதல் வெள்ளி மாலை வரை புரூக்ளின் பகுதியில் உள்ள கிரவுண் ஹைட்ஸில் தங்கி, வயோதிப அம்மா ஒருவரைப் பராமரிக்கிறேன். இடையில் ரயில் மாறி மாறி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பயணம். ஒரே நகரம்தான். ஆனால் பழகும் முறை வேறு.

முதலில் ஜக்சன் ஹைட்ஸ். ரூஸ்வெல்ட் அவென்யூவில் ரயில் தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடும். அது போகும்போது கதைப்பதை நிறுத்திவிட்டு, போனபின் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். பாலத்தின் கீழே கொலம்பியா, எக்குவடோர், மெக்சிக்கோ நாட்டவரின் கடைகள். 74ஆம் தெருவில் இந்தியரின் நகைக்கடை, சேலைக்கடை, மரக்கறிக்கடை. அடுத்த தெருவில் பங்களாதேஷ் மக்கள். அருகிலேயே நேபாளத்தவரும் திபெத்தியரும் மோமோ அவித்து விற்கிறார்கள். இங்கு எந்த ஒரு நாட்டவரும் பெரும்பான்மை அல்ல. ஆகவே எல்லோரும் அரைகுறை ஆங்கிலத்தில் கதைத்து, கையாலும் காட்டி அலுவலை முடிப்பார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

இது தானாக வந்த ஒற்றுமை என்று எண்ணிவிடாதீர்கள். 1910களில் இங்கு தொடர்மாடி வீடுகளைக் கட்டத் தொடங்கிய நிறுவனம், அவற்றில் யூதரையும் கறுப்பினத்தவரையும் சேர்க்கவில்லை. பின்னாளில் 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஆசிய மக்களுக்கு வழி திறந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1968இல் வந்தது. மனம் மாறட்டும் என்று காத்திருந்திருந்தால் இன்னும் பல காலம் காத்திருக்க வேண்டியிருக்கும். சட்டம் முதலில் வந்து கதவைத் திறந்தது.

கிரவுண் ஹைட்ஸ் வேறு விதம். அங்கே பல காலமாக இரண்டு பெரிய சமூகங்கள் ஒரே தெருக்களில் வாழ்கின்றன. ஒன்று ஜமெய்க்கா, ஹெயிட்டி, ட்ரினிடாட், பார்படோஸ், கயானா முதலிய நாடுகளிலிருந்து வந்த கரிபியன் கறுப்பின மக்கள். மற்றது லுபாவிச் எனப்படும் பிரிவைச் சேர்ந்த, மத ஒழுக்கத்தில் மிக இறுக்கமான யூதர்கள். 1960களில் வேறு யூதர்கள் பலர் அப்பகுதியை விட்டுப் போனபோது, இவர்கள் தங்கள் மதகுருவின் சொற்கேட்டு அங்கேயே தங்கினார்கள்.

வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன் அங்கு ஒரு சங்கு ஊதும். முதல் தடவை கேட்டபோது என் கால்கள் தாமாகவே பதுங்குகுழியைத் தேடின. உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அது யூதரின் ஓய்வு நாள் தொடங்குவதை அறிவிக்கும் சங்கு. அந்நேரத்தில் வீட்டுத் தலைவி மெழுகுவர்த்தி ஏற்றுவாள். சனி இரவு வரை அவர்கள் மின்விளக்குப் போடுவதில்லை, வாகனம் ஓட்டுவதில்லை, தொலைபேசியைத் தொடுவதில்லை.

இரு பகுதியாருக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம், தனித்தனிக் கடை, தனித்தனிக் கோயில். மணமான யூதப் பெண்கள் தம் கூந்தலை மறைத்து, பலர் பொய்முடி அணிவார்கள். ஆண்கள் அந்நியப் பெண்ணுடன் கை குலுக்க மாட்டார்கள். அது அவர்களது மத விதி. விதி தெரியாதவர் கை நீட்டினால், தன்னைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்குவதாக எண்ணிக்கொள்வார். அதேபோல, கரிபியன் மக்கள் மாலையில் வாசற்படியில் இருந்து பாட்டுப் போட்டுச் சத்தமாகக் கதைத்து மகிழ்வார்கள். அதைப் பழகாதவர் ஏதோ கலகம் என்று பயப்படுவார். இப்படிச் சின்னச் சின்னப் பிழையான எண்ணங்கள் பல வருடமாகச் சேர்ந்தன. அவற்றின் அடியில் பெரிய மனக்குறைகளும் இருந்தன. யூதருக்குப் பொலிஸார் சலுகை காட்டுகிறார்கள் என்று கறுப்பின மக்கள் சொன்னார்கள். தெருவில் தாக்கப்படுகிறோம் என்று யூதர் சொன்னார்கள்.

1991 ஓகஸ்ட் 19ஆம் திகதி மாலை, அந்த மதகுருவின் வாகனத் தொடரில் சென்ற ஒரு கார் தடம் மாறி நடைபாதையில் ஏறியது. கயானாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளையான கவின் கேற்றோ என்ற ஏழு வயதுச் சிறுவன் இறந்தான். அவனது உறவினரான சிறுமி படுகாயமடைந்தாள். அங்கு வந்த யூதத் தொண்டர்களின் அம்புலன்ஸ், கூடிய சனத்திடமிருந்து காப்பாற்றுவதற்காகச் சாரதியை ஏற்றிக்கொண்டு போகும்படி பொலிஸாரால் பணிக்கப்பட்டது. பிள்ளைகளை நகர அம்புலன்ஸ்கள் ஏற்றின. ஆனால் தெருவில் பரவிய கதை வேறு. "கறுப்புப் பிள்ளையைச் சாகவிட்டுவிட்டு யூதனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்" என்பதே அது. சில மணித்தியாலங்களில், அந்த விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அவுஸ்திரேலியாவிலிருந்து ஆய்வுக்காக வந்திருந்த 29 வயதான யாங்கல் ரோசன்பாம் என்ற யூதர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். மூன்று நாள் கலவரம் நடந்தது. பொலிஸார் ஆரம்பத்தில் உரிய முறையில் செயற்படவில்லை என்று 1993இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை கூறியது.

நான் பராமரிக்கும் அம்மா பார்படோஸில் பிறந்தவர், ஓய்வுபெற்ற தாதி. அந்த மூன்று இரவும் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளைக் கட்டிலின் கீழே படுக்க வைத்ததாகச் சொன்னார். அடுத்த வீட்டு யூதப் பெண்ணும் அதையே செய்தாராம். "ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு தாய்மார் ஒரே பயத்தோடு இருந்தோம். பன்னிரண்டு வருடம் பக்கத்து வீடு. ஆனால் கதவைத் தட்ட ஒரு பெயர் தெரிந்திருக்கவில்லை" என்றார் அந்த அம்மா.

அதன்பின் சிலர் வேலையில் இறங்கினார்கள். யூத, கறுப்பின இளைஞர்களைச் சேர்த்துக் கூடைப்பந்து விளையாட வைத்தார்கள். இரு பகுதித் தாய்மாரும் சந்தித்துக் கதைக்க 'மதேர்ஸ் ரு மதேர்ஸ்' என்ற குழு உருவானது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஹென்னா வைற் என்ற லுபாவிச் பெண். மற்றவர் ஜீன் கிரிஃபித் சான்டிஃபோர்ட் என்ற கறுப்பினத் தாய். இவருடைய மகன் மைக்கல், 1986இல் குயின்ஸில் வெள்ளையினக் கும்பல் ஒன்றால் துரத்தப்பட்டு, நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தவன். பிள்ளையை இனவெறிக்குப் பறிகொடுத்த ஒரு தாய் இந்த வேலைக்கு வந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். கவினின் தந்தையும் யாங்கலின் சகோதரரும் கூடப் பிற்காலத்தில் சந்தித்துக் கதைத்தார்கள். இழப்பை மறக்கும்படி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. யாங்கலின் சகோதரர் நீதிக்காகப் பல வருடம் போராடினார். நீதி கேட்பதும் அயலவருடன் கதைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

அப்படியானால் ஜக்சன் ஹைட்ஸ்தான் நல்ல இடமா? அங்கே கண்ணீர் வேறு விதமானது. வாடகை கட்ட முடியாதவர்கள் நிலக்கீழ் அறைகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். 2021 செப்டெம்பரில் ஐடா புயலின் மழை நகரத்தில் 13 பேரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலானோர் இத்தகைய அறைகளில், அதிலும் குயின்ஸ் பகுதியில், நீரில் அகப்பட்டவர்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, அருகிலுள்ள எல்ம்ஹேர்ஸ்ற் வைத்தியசாலையில் ஒரே நாளில் 13 நோயாளிகள் இறந்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாத சமையற்காரர், துப்புரவாளர், பராமரிப்பாளர் நிறைந்த பகுதி இது.

ஆனால் அங்கே பொதுவான இடங்கள் உண்டு. நூல் நிலையத்தில் ஆங்கில வகுப்பு இலவசம். பெருந்தொற்றுக் காலத்தில் 34ஆம் அவென்யூவில் 26 தெருச்சந்திகளின் தூரத்துக்கு வாகனங்களை நிறுத்தி, சனம் நடமாட விட்டார்கள். பிள்ளைகள் அங்கே விளையாட, தாய்மார் கதிரை போட்டு ஆங்கிலம் படித்தார்கள். 2017இல் வந்த நகரச் சட்டம், முக்கியமான அரச படிவங்களும் அறிவித்தல்களும் பத்து மொழிகளில் இருக்க வேண்டும் என்கிறது. அதில் வங்காளமும் உருதுவும் ஹெயிட்டி மக்களின் கிரியோலும் அடங்கும். தன் மொழியில் படிவம் கிடைப்பவள் இன்னொரு இனத்தைத் தன் எதிரி என்று நினைக்க ஒரு காரணம் குறைகிறது.

பெண்கள் சேர்ந்தால் சட்டமும் அசையும். நியூயோர்க்கில் வீட்டு வேலை செய்யும் கரிபியன், நேபாள, பிலிப்பைன்ஸ், இலத்தீன் பெண்கள் ஒன்றாகப் பல வருடம் போராடினார்கள். குயின்ஸில் இயங்கும் 'அதிகார்' என்ற நேபாளச் சமூக அமைப்பும் அதில் பங்குகொண்டது. 2010இல் வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அமெரிக்காவில் அதுவே முதலாவது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, மேலதிக நேரத்துக்கு மேலதிகச் சம்பளம் என்பன உரிமையாயின. என் சனியும் ஞாயிறும் அப்பெண்கள் வென்ற பாதையில் வந்தவைதான். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து திரும்பிய சகோதரிகளுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பக்கத்தில் வாழ்வதும் சேர்ந்து வாழ்வதும் ஒன்றல்ல. சிரிப்பு நல்லது, ஆனால் ஆபத்து வரும்போது சிரிப்பு போதாது. அமைதியாக இருக்கும் நாட்களிலேயே மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, மறுபகுதியில் ஒரு பெண்ணின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அறிந்து வைத்திருங்கள். இரண்டு, அவர்கள் விரதம் எப்போது, எதை உண்ண மாட்டார்கள், எது அவர்களுக்கு மனவருத்தம் தரும் என்று கேட்டு அறியுங்கள். உங்களுடையதையும் சொல்லுங்கள். மூன்று, "அவங்கள் இப்படிச் செய்துபோட்டாங்களாம்" என்று ஒரு கதை வந்தால், அதை மற்றவருக்குச் சொல்லுமுன் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப்பற்றிக் கதைத்துப் பாருங்கள். கிணறு, பள்ளிக்கூட வாசல், கிளினிக் வரிசை, சந்தை என்று எல்லாப் பெண்களும் வந்துபோகும் இடங்கள் உங்கள் ஊரில் எவை? அங்கே முதலில் பெயர் கேட்கப் போவது யார்? உங்கள் பதில்களை எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.